சாயங்கால டூட்டிக்கு வருகிறவள்

அன்புள்ள ராஜாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அங்கே குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் படுக்கப் போவதற்குள் சமாதானமாகி, சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், எனக்குத் தலையைத் தவிர எல்லாம் சுகம், ரெண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று அப்பா சொல்கிறார். இதைப் படித்து நீ சிரிக்க மாட்டாய், உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாய், பெற்றவளுக்கு அந்த முகம் தெரியாதா. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை என்பதற்காகவாவது ஒரு தடவை சிரித்துவிட்டு மேலே படி. காலை வேளையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் நான் நானாக இருக்கிறேன், அதனால் இதில் உள்ளதை எல்லாம் நம்பலாம். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். வீட்டுப் போனுக்கு நீ கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று சொல்லு. அப்பாவின் மொபைலுக்கு மட்டும் கூப்பிடுகிறாய், அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு காதும் காதும் வைத்த மாதிரி பேசுகிறார், வெளியே வரும்போது உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆயுசெல்லாம் வார்டில் நர்ஸாகக் கழித்தவளிடம் இந்த வித்தை பலிக்குமா. நீ ஏன் வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும், அதற்குத்தான் வருகிறேன், பொறு.

முதலில் வீட்டுச் செய்தி. மாடிப்படி பல்பை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மோட்டார் வைத்த மிஷின் வாங்கியிருக்கிறாள், அது ஓடினால் எங்கள் வீட்டுத் தட்டெல்லாம் அலமாரிக்குள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. அப்பாவின் கை சும்மா இருக்குமா, லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே காலத்தை ஓட்டின மனிதர், அடுப்பு தானாக அணைகிற மாதிரி ஒரு பெட்டியை மாட்டிவிட்டார், வாசல் கதவைத் திறந்தால் கிணுகிணுக்கிற மணி ஒன்றும் மாட்டிவிட்டார், எனக்குத் தெரியாமல் நான் தெருவில் இறங்கிவிடக்கூடாதாம். என்னைச் சொன்னால் நானும் சும்மா இல்லை. டாக்டரம்மா என் மறதி நோயின் பேரைச் சொன்ன அன்றைக்கு அவள் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே, எழுந்திருக்கவே தோன்றாமல், அந்த பெஞ்சுதான் இப்போது என் வார்டு. வாரத்தில் சில காலை வேளை அப்பா கொண்டுபோய் விடுவார். உள்ளே போய்ப் பேரைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார்கள், அவர்களைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, எனக்கும் அதேதான் வந்திருக்கு, பாருங்க, இன்னிக்குக் காலையில என் பல்லை நான்தான் தேய்ச்சேன், என் வீட்டுக்காரரை நான்தான் திட்டினேன், நாளைக்கும் நீங்க நீங்கதான் என்று சொல்வேன். நான் எழுதுகிற மாத்திரையோடு இதையும் சேர்த்துக்கொடுங்கள் என்று டாக்டரம்மாவே கேட்டுக்கொண்ட வேலை இது. அங்கே ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருத்தர் வருகிறார், தன் வீட்டு நம்பர் மறந்துபோகும், பழைய ரூட்டில் ஒரு ஸ்டாப்பிங் விடமாட்டார். புதிதாக வந்து அழுகிறவர்களைப் பார்த்தால், ஏன் இப்பவே எழுந்து நிக்கறீங்க, உங்க ஸ்டாப்பிங் இன்னும் வரல, உக்காருங்க என்பார். அழுகிறவர்களும் சிரித்துவிடுவார்கள்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துப் பயப்படாதே. நான் பயந்து முடித்தாகிவிட்டது, ரெண்டு பேர் பயப்பட வேண்டாம். கொஞ்ச மாதங்களுக்கு முன்னால் நம் வீட்டுக்குள் யாரோ வந்து போக ஆரம்பித்தார்கள். காலையில் எழுந்தால் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர், அதன்மேல் ஒரு தட்டு கவிழ்த்து மூடியிருக்கும், நான் வைத்ததில்லை. உன் அறையில் யாரும் படுப்பதில்லை, அந்தக் கட்டிலில் துவைத்த விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் போட்டிருக்கும், ஆள் வரப்போகிற மாதிரி. கைத்துண்டு ஈரமாக இருக்கும். முதலில் திருடன் என்றுதான் நினைத்தேன், ஆனால் ஒன்றும் போகவில்லை, வீடு ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் சுத்தமாகிக்கொண்டே போயிற்று, அதுதான் குலையை நடுங்கவைத்தது. தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன், அவள் பெரிய கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், கதவுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாள். ஒருத்தரும் இல்லை. கதவு மணி அடித்ததா என்று அவளும் கேட்டாள், அடிக்கவில்லை என்று நானும் சொன்னேன். அப்பா மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வந்து போவது ஆணில்லை, பெண் என்று ஏனோ எனக்கு அப்போதே பட்டது.

அப்புறம் ஒருநாள் உன் அறைக்குப் போய் அந்தக் கட்டிலை நிதானமாகப் பார்த்தேன். விரிப்பின் மூலையை முக்கோணமாக மடித்து மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியிருந்தது. தலையணை உறையின் திறந்த வாய் வாசலுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. வீடுகளில் தலையணை உறையின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? வார்டில்தான் பார்ப்பார்கள். வாசலில் வந்து நிற்கிற மேட்ரன் கண்ணுக்கு உறையின் வாய் தெரியக்கூடாது, டிரெயினிங்கில் சேர்ந்ததுமே காதைத் திருகிச் சொல்லித்தருகிற பாடம் அது. வந்து போகிறவள் ஒரு நர்ஸ். அந்த எண்ணம் வந்ததும் கை தானாகத் தலைக்குப் போயிற்று. காலையில் எழுந்தவள் இன்னும் தலை வாரவில்லை, முந்தின நாள் பின்னலாக விட்டிருந்த முடி. அது பிடரியில் கல் மாதிரி கொண்டையாக இருந்தது, சுற்றிலும் ஹேர்பின் குத்தியிருந்தது, டூட்டிக்குப் போகும்போது போட்டுக்கொள்வேனே அதே கொண்டை. அந்த ஹேர்பின் டப்பா பரண்மேல் எந்த மூட்டைக்குள் கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. விரல்களை மோந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி லோஷன் வாசனை அடித்தது.

யாரும் வெளியிலிருந்து வரவில்லை ராஜா. சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் மங்கினால் நான் போய்விடுகிறேன், என் உடம்புக்குள் அவள் வந்துவிடுகிறாள். டாக்டரம்மாவிடம் கேட்டேன், பொழுது சாய்கிற நேரத்தில் இந்த நோய் சிலருக்கு அப்படிக் கலக்கும், பழைய வேலைக்குத் திரும்பிப்போன மாதிரி இருப்பார்கள், நீங்கள் ரெண்டு பேர் இல்லை, ஒருத்தர்தான் என்று தன்மையாகத்தான் சொன்னாள். அவள் சொல்வது சரிதான், ஆனால் கொண்டையை நான் போடவில்லை. நீ கடைசியாக வீட்டுப் போனுக்குக் கூப்பிட்ட சாயங்காலம் எடுத்தவளும் அவள்தான். நீ அம்மா என்று கூப்பிட்டதற்கு, பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும், விசிட்டர்ஸ் டைம் முடிஞ்சாச்சு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம். அப்பா வாயைக் கிண்டிக் கிண்டித்தான் இதை வாங்கினேன். அதைக் கேட்டு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அப்புறம் நீ அப்பாவிடம் குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் சொன்னதும் என் காதில் விழுந்துவிட்டது, அம்மாவை ஒரு நல்ல இல்லத்தில் சேர்த்துவிட்டு நீங்க எங்கிட்ட வந்துடுங்கப்பா, அம்மா உங்களை ஏதாவது செஞ்சிடப்போறாங்க என்று. கோபமில்லை. உன்னைவிட எனக்குத்தான் அந்தப் பயம் அதிகம். இந்த நோய் வந்த ஒருத்தர் தன் மகள் கையைக் கடித்துக் குதறியதற்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன், அவர் அதற்கு முன்னால் எறும்புக்குக்கூட வழிவிட்டு நடந்தவராம். அதனால் நானே ஒரு முடிவு செய்துகொண்டேன். அவள் ஒரு தடவை அப்பாமேல் கை ஓங்கினாலும் மறுநாள் காலை நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு நீ சொல்கிற இடத்துக்குப் போய்விடுவது. ஆனால் அதை எப்படித் தெரிந்துகொள்வது? அவள் இருக்கும்போது நான் இருப்பதில்லை. அப்பாவைக் கேட்டால், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர், கை ஒடிந்து தொங்கினாலும் அதெல்லாம் ஒண்ணுமில்ல என்பார். தினமும் காலையில் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற சாக்கில் அவர் கையை, தோளை, முதுகை எல்லாம் பார்ப்பேன், எங்கேயாவது கன்றியிருக்கிறதா, நகம் பட்டிருக்கிறதா என்று. என் நகத்தையும் பார்த்துக்கொள்வேன். அது ஒட்ட வெட்டியிருக்கும். நான் வெட்டினதாக ஞாபகம் இருக்காது.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு, சின்ன வயதில் என்னை அழைத்துப்போக அப்பாவோடு வந்து வராந்தாவில் காத்திருந்து நீ அலுத்துப்போன பழக்கம்தான். டூட்டி முடிந்தது என்று நினைத்தமாத்திரத்தில் கிளம்ப முடியாது. அடுத்த டூட்டிக்காரி வரவேண்டும், அவளோடு கட்டில் கட்டிலாக நின்று ரிப்போர்ட் கொடுக்கவேண்டும், இவருக்கு இன்ன உடம்பு, இன்னது சாப்பிட்டார், இன்னதற்குப் பயப்படுகிறார், இன்னது பாக்கி நிற்கிறது என்று வாயால் சொல்லவேண்டும். எழுதி வைத்திருக்கிறேன் படித்துக்கொள் என்றால் எங்கள் மேட்ரனிடம் செல்லாது. கேட்டவள் "வாங்கிக்கிட்டேன்" என்று வாயைத் திறந்து சொன்னால்தான் நம் பொறுப்பு இறங்கும், அதுவரை இடியே விழுந்தாலும் வார்டை விட்டு நகரக்கூடாது. வருகிறவள் நல்லவளா கெட்டவளா, முந்தின நாள் நம்மோடு முட்டிக்கொண்டவளா என்பதெல்லாம் பேச்சே இல்லை. நோயாளியை அவளை நம்பித்தான் விட்டுப் போகப்போகிறோம், அதனால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகவேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருநாள் இது சட்டென்று நினைவுக்கு வந்தது, நினைவுக்கு வந்தது என்று நான் எழுதுவதற்கே நீ ஒரு இனிப்பு சாப்பிடலாம். இத்தனை நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லாமல் உன் அப்பாவை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருக்கிறவர் யார், என்ன என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும், பாவம்.

அன்றைக்கே அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டேன். தினமும் பிற்பகலில், அவர் முழங்காலுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிய பிறகு, ஜன்னல் வெளிச்சம் தரையைவிட்டுச் சுவரில் ஏற ஆரம்பிக்கிற நேரத்தில், அந்தக் காலி நாற்காலிக்கு எதிரே நின்று ரிப்போர்ட் கொடுப்பேன். பெரியவருக்கு வலது முழங்கால் சிஸ்டர், மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்தான், இருட்டுன்னா பயம், சொல்லமாட்டார், நடைவழி விளக்கை அணைக்காதீங்க. கோவம் வந்தா ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார், கையில ஒண்ணைக் குடுத்துட்டாப் போதும், அடங்கிடுவார். அப்புறம் வெளியூர்ல ஒரு பையன் இருக்கான். போன் பண்ணுவான். குரல் அடைச்ச மாதிரி இருக்கும், சளி இல்ல, பிறந்ததிலேர்ந்தே அப்படித்தான். சாப்பிட்டியான்னு கேட்டா சாப்பிட்டேன்னு பொய் சொல்லுவான். வச்சிடாதீங்க சிஸ்டர், பேசுங்க. இப்படிச் சொல்லிவிட்டு அவள் வாங்கிக்கிட்டேன் என்று சொல்வதற்காக நிற்பேன். நாற்காலி நாற்காலியாகவே இருக்கும். வெளிச்சம் மங்க மங்க அங்கேயே நின்றுகொண்டிருப்பேன், அப்புறம் விடிந்திருக்கும். தையல்காரம்மா ஒருநாள் துணி கொடுக்க வந்தவள் வாசலில் நின்று முழுசையும் கேட்டுவிட்டாள், பாவம், துணியைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு ஓடியவள் கொஞ்ச நாள் மாடி ஏறவே இல்லை. இதற்கு நடுவில் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டு வந்தது. எங்கள் ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு கொடி கட்டி விரிப்பு தொங்கியது, வார்டில் மறைப்புக்குக் கட்டுகிற மாதிரி. கட்டிலைப் பார்த்துப் போட்ட நாற்காலி காலையில் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நடைவழி விளக்கு விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும். ஒருநாள் அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, துண்டால் துடைத்துக் கைக்கு எட்டும்படியாக வைத்திருந்தது. எடுத்துக் காட்டிக் கேட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல என்றார்.

போன வாரம்தான் அது நடந்தது. தூங்கி விழித்த மாதிரி இல்லை, கண் முன்னமே திறந்துதான் இருந்தது, காதுதான் திறந்தது என்று சொல்லவேண்டும். யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். தணிந்த குரல், அவசரமில்லாத குரல். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்தேன், அப்புறம்தான் என் தொண்டை அதிர்கிறது என்று தெரிந்தது. பேசிக்கொண்டிருந்தது என் வாய். நான் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நேராக நின்றுகொண்டிருந்தேன், கை ரெண்டும் முன்னால் கோத்திருந்தது, பிடரியில் கொண்டை இழுத்துப் பிடித்தது, ஜன்னலில் விடிகிற வெளிச்சம் கொஞ்சம் வந்திருந்தது, எதிரே அந்தக் காலி நாற்காலி. என் வாய் நாற்காலிக்கு ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த நாற்காலியில் நான் இருந்தேன், ராஜா. அவள் கண்ணுக்கு அங்கே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், காலை டூட்டிக்காரி, வயசானவள், மறதிக்காரி, அவளுக்குப் புரியவேண்டுமே என்று இவள் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்தியிருக்கலாம், வாய் என்னுடையதுதானே, நிறுத்தவில்லை. அவள் கையிலேயே விட்டுவிட்டுக் கேட்டேன்.

பெரியவர் நல்லாச் சாப்பிட்டார் என்றாள். முழங்கால் வீக்கம் கொறஞ்சிருக்கு. சாயங்காலம் ஆனா அழறார் சிஸ்டர், சத்தம் வராம, சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டு. வீட்டம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்றார். நான் காரணம் ஒண்ணும் கேக்கல, கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், தூங்கிட்டார். தனியா விடாதீங்க. இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு மூச்சு எடுத்தாள், அந்த மூச்சு என் நெஞ்சில்தான் ஏறி இறங்கியது. அப்புறம் சொன்னாள், ஒண்ணு மட்டும் பாக்கி நிக்குது சிஸ்டர். வெளியூர்லேர்ந்து ஒரு போன் வரும்னு சொல்லியிருந்தீங்க. பையன், அடைச்ச குரல், சாப்பிட்டேன்னு பொய் சொல்வார்னு. முன்ன ஒரு தடவை ஒரு போன் வந்தது, யாருன்னு எனக்குச் சொல்லி வைக்கல, வச்சிட்டேன், ஒருவேளை அதுதானோ என்னமோ. இப்ப தினமும் போன் பக்கத்துலயேதான் நிக்கறேன். இன்னும் வரல. நீங்களும் பாத்துக்குங்க. அதோடு நிறுத்திக்கொண்டாள். கீழே மிஷின்கூட ஓடவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள், என் காலில் நின்றுகொண்டு, என் கண்ணால் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு. பதில் வராமல் அவள் நகரமாட்டாள், எனக்குத் தெரியாதா. வாங்கிக்கிட்டேன் சிஸ்டர் என்றேன். அதே வாய்தான். சொன்னதும் தோள் ரெண்டும் தளர்ந்தது, பின்னாலிருந்து பிடித்திருந்த ஒருத்தி கையை எடுத்துக்கொண்ட மாதிரி.

அப்பா தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார், இமை ஆடியதில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. எவ்வளவு நாளா இது நடக்குது என்று கேட்டேன். அவங்க தினமும்தான் சொல்றாங்க, இன்னிக்குத்தான் நீ வந்து கேட்டே என்றார். அவங்க என்கிறார், பார்த்துக்கொள், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின எனக்கு ஒருநாளும் கிடைக்காத மரியாதை. எங்கிட்ட சொல்லாம அவகிட்ட அழுதீங்களா என்றேன், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, சிரிக்காதே. அதற்கு அவர், உன் முன்னால அழுதா நீ உடைஞ்சுபோயிடுவே, அவங்க நர்ஸு, நர்ஸுகிட்ட அழலாம் என்றார். கை ஓங்கினாளா என்று கேட்டேன், நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது அந்தக் கேள்வி. ஒரு தடவை அவங்களே என் கட்டிலுக்கும் அவங்க கட்டிலுக்கும் நடுவுல துணி கட்டினாங்க, ஏம்மான்னு கேட்டேன், உங்களுக்கு அழ எடம் வேணாமா பெரியவரேன்னு கேட்டாங்க என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்தான் அதில் முதல்முதலாக உட்கார்ந்தேன் என்று நினைத்தேன், ஆனால் மெத்தையில் என் உடம்புக்கு அளவெடுத்த மாதிரி ஏற்கனவே ஒரு பள்ளம் இருந்தது.

அதனால் இப்போது நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். இப்போதைக்கு நான் எங்கேயும் போவதாக இல்லை. அவள் கையில் அப்பாவை விடலாம், நான் பார்த்துவிட்டேன், நல்ல நர்ஸ். என் வார்டில் இருந்திருந்தால் அவளுக்கு நைட் டூட்டியே போட்டிருக்க மாட்டேன். நீ பார்த்து வைத்திருக்கிற இடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒருநாள் தேவைப்படும், அன்றைக்கு டாக்டரம்மாவும் அப்பாவும் நீயும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், நான் முரண்டு பிடித்தால் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுங்கள். பெஞ்சுக்கும் போகப்போகிறேன், முடிகிறவரை. அங்கே வருகிறவர்களுக்கு இப்போது புதிதாக ஒன்றும் சொல்கிறேன், உங்களுக்கு அப்புறம் வரப்போறவங்களைப் பாத்து பயந்து சாகாதீங்க, உங்களுக்குப் பிரியமானவங்களைப் பத்தி அவங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க என்று. டிரைவர், அப்ப கண்டக்டரை மாத்திவிடறாங்க, பஸ் அதேதான் என்றார். என்றைக்காவது ஒருநாள் காலை டூட்டிக்கு நான் வராமல் போவேன். அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று உன்னிடம் எதற்குப் பொய் சொல்லவேண்டும், நான் என்ன நீயா. ஆனால் அன்றைக்கும் வார்டு காலியாக இருக்காது, அது ஒன்று போதும் எனக்கு. மருமகளிடம் சொல்லு, அவள் அனுப்பிய கம்பளிக் காலுறை அளவாக இருக்கிறது, ஒரு ஜோடி அவளும் போட்டுக்கொண்டுவிட்டாள், அவள் என்றால் எவள் என்று கேட்காதே. வேலை வேலை என்று ராப்பகலாக விழித்திருக்காதே. நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் விடாமல் நூறு வயசு நிறைவாக இருக்கவேண்டும், இது நான் கொடுக்கிற ஆசீர்வாதம், அப்பாவும் பக்கத்தில் நின்று அப்படியே என்று தலையாட்டுகிறார்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே, மறக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுப் போனுக்குக் கூப்பிடு. காலையில் கூப்பிடாதே, காலையில் நான் இருப்பேன், எனக்கு உன்னைத் தெரியும். சாயங்காலம் கூப்பிடு. முதல் மணி முழுசாக அடிக்கும் முன்னால் எடுத்துவிடுவாள், யாரு பேசறது என்பாள். நான்தாம்மா, தெரியலையா என்று கேட்காதே, அவள் உன்னை மறக்கவில்லை, அவள் உன்னைப் பெறவில்லை, அவ்வளவுதான். பெறாத பிள்ளைக்காக இவ்வளவு நாளாக நின்றுகொண்டிருக்கிறாள் பார். வெளியூர்லேர்ந்து பையன் பேசறேன் சிஸ்டர், காலை டூட்டி அம்மா சொல்லியிருப்பாங்களே என்று சொல்லு. அவள் முதலில் உன் குரலைக் கொஞ்ச நேரம் கேட்பாள். அப்புறம் சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லு.

இப்படிக்கு,
காலை டூட்டியில் இருக்கும்
உன் அம்மா